பழைய கிமோனோத் துணி: வீட்டிலிருந்து விற்பவர்களுக்கு

கிமோனோவில் வளைவான வெட்டு கிட்டத்தட்டக் கிடையாது. ஏறக்குறைய 36 முதல் 38 செ.மீ. அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள ஒரு துணிச் சுருளை நேர்த் துண்டுகளாக வெட்டித் தைத்துவிடுகிறார்கள். தையலைப் பிரித்தால் மறுபடி துணியாகிவிடும். ஜப்பானில் வீட்டு அறையிலேயே ஒருவர் பழைய துணிக்கடை நடத்த முடிவது இதனால்தான். ஆனால் தொட்டுப் பார்க்காமல் உங்கள் சொல்லை நம்பி வாங்குகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் விற்கப் போகிறீர்கள்.

செய்ய வேண்டியவை

• முதலில் உரிமம். சொந்த அலமாரியில் கிடப்பதை விற்க அனுமதி தேவையில்லை. விற்பதற்கென்றே பழைய துணி வாங்கத் தொடங்கினால், உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் பழம்பொருள் வணிக அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 19,000 யென். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும் முன்பே கேட்டுவிடுங்கள்.

• நேரில் தொட்டு வாங்குங்கள். கியோத்தோவில் மாதந்தோறும் 21ஆம் தேதி தோஜி கோயிலிலும், 25ஆம் தேதி கித்தானோ தென்மங்கு ஆலயத்திலும் சந்தை கூடும். விடிந்ததும் போய்விடுங்கள்.

• என்ன இழை என்று நீங்களே சோதியுங்கள். பழைய கிமோனோவில் பெரும்பாலும் அதைச் சொல்லும் சீட்டு இருக்காது. தையலுக்குள் மடிந்திருக்கும் ஓரத்திலிருந்து பாவு நூல் ஒன்று, ஊடை நூல் ஒன்று உருவித் தனித்தனியே கொளுத்துங்கள். இரண்டும் ஒரே இழையாக இருக்க வேண்டும் என்பதில்லை. பட்டு எரிந்தால் முடி கருகும் வாடை அடிக்கும். சாம்பல் விரலில் பொடியும். ரயான் காகிதம்போல் எரியும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி உருண்டையாகும். ரயானுக்கும் வாங்க ஆள் உண்டு. அதைப் பட்டு என்று சொல்லி விற்றால்தான் குற்றம்.

• ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பூச்சி அரித்த துளை, மடிப்பில் விட்ட இழை எல்லாம் அப்போது தெரியும். கருப்பும் கரும்பழுப்பும் உள்ள இடங்களைக் கூடுதலாகக் கவனியுங்கள். இரும்பு சேர்த்த சாயம் காலப்போக்கில் நூலையே அரித்துவிடும். மற்ற நிறங்கள் உறுதியாக நிற்க, கருப்புக் கோடு மட்டும் உதிரும். கண்ட குறையைப் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்துப் போடுங்கள்.

• அகலத்தை முதல் வரியிலேயே எழுதுங்கள். 110 செ.மீ. துணிக்குப் பழகியவர்கள் இந்தக் குறுகிய அகலத்தை எதிர்பார்க்க மாட்டார்கள்.

• அவுரிச் சாயத் துணி விற்கும்போது, சாயம் மற்ற துணியில் ஒட்டும் என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே வையுங்கள்.

செய்யக்கூடாதவை

• சிரிமென் என்ற சுருக்கப் பட்டைத் தண்ணீரில் போடாதீர்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கிவிடும். சிவப்புப் பட்டு உள்துணி சாயம் விட்டு மேல்துணியையும் கெடுக்கும். அழுக்கு வாடை போக, வெயில் படாத காற்றில், ஈரமில்லாத குளிர்கால நாளில் உலர்த்துவதே போதும்.

• கற்பூரத்தையும் அந்துருண்டையையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் உருகிக் கறை படியும். ரப்பர் பேண்டும் கூடாது. அதிலுள்ள கந்தகம் ஓபி என்ற இடைக்கச்சையின் சரிகையைக் கறுக்க வைக்கும்.

• ஊர்ப் பெயரை ஊகித்து எழுதாதீர்கள். நீலத்தில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலே குருமே கசுரி (குருமே ஊரில் நூலுக்குக் கட்டுச்சாயம் இட்டு நெய்த துணி) ஆகிவிடாது. இயோ, பிங்கோ பகுதிகளிலும் கசுரி நெய்தார்கள். சுருளின் முனையில் சான்றுச் சீட்டு இருந்தால் ஊரைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 'பருத்திக் கசுரி' என்றாலே போதும், அதுவும் அழகுதான்.

• போரோ என்ற பழைய ஒட்டுத்துணி விஷயத்தில் பொய்யே கூடாது. வடக்கே அவோமோரியில் குளிரால் பருத்தி விளையாது. வெளியிலிருந்து வந்த கந்தலை ஒட்டுமேல் ஒட்டாகத் தைத்து, தாய் உடுத்தியதை மகளும் உடுத்திக் கடுங்குளிரைத் தாண்டினார்கள். அந்தத் துணிகளை நாட்டுப்புற ஆய்வாளர் தனகா சூசபுரோ ஊர் ஊராகத் தேடிச் சேகரித்தார். இன்று புதிய துணியைக் கிழித்து, ஒட்டுப் போட்டு, நிறம் மங்கவைத்துப் போரோ என்று விற்கிறார்கள். ஒட்டுக்கு அடியிலுள்ள துணியும் ஒட்டைச் சுற்றியுள்ள துணியும் ஒரே அளவு மங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். உறுதியாகத் தெரியாததை 'ஒட்டுப்போட்ட பருத்தித் துணி' என்று மட்டும் எழுதுங்கள். குறைந்த விலைக்குப் போனால் போகட்டும்.

• நல்ல நிலையில் இருக்கும் கிமோனோவை, துண்டாக விற்றால் லாபம் என்று வெட்டாதீர்கள். கறை பட்டதும் பூச்சி அரித்ததும் வெட்டுவதற்கு வேண்டிய மட்டும் கிடைக்கும். கையால் சாயச் சித்திரம் தீட்டிய யூசென் கிமோனோ கைக்கு வந்தால், முழுதாக வாங்கும் ஆள் வரும்வரை காகித உறையில் மடித்து வைத்திருங்கள்.