சிவப்பு விளக்கில் மிதிவண்டியும் நிற்க வேண்டுமா?

எலும்பு முறிவு கூடி வீடு திரும்பும் நோயாளியிடம், "இனி மிதிவண்டி ஓட்டலாம்" என்று மருத்துவர் சொன்னதும் எங்களிடம் எழும் ஐயங்களுள் இதுவும் ஒன்று. ராயபுரத்திலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் பனியன் கம்பெனிக்கு வேலைக்குச் செல்வோர், தேநீர்க் கேனைக் கட்டிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவோர், அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டியில் பள்ளி செல்லும் பிள்ளைகள் எனப் பலர் இன்றும் மிதிவண்டியை நம்பியிருக்கின்றனர். நொய்யல் ஆறும் இருப்புப் பாதையும் ஊரைப் பிரிப்பதால், எல்லா வண்டிகளும் சில பாலங்களிலும் சந்திப்புகளிலும் வந்து நெருக்குகின்றன. எனவே இவ்வினாவைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

நிற்க வேண்டாம் என்போர் கூறும் காரணங்கள்

அவர்கள் கூறுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. மிதிவண்டியின் எடை குறைவு, வேகமும் குறைவு. வேகம் மூன்று மடங்கானால் மோதலின் ஆற்றல் ஒன்பது மடங்காகும். ஆதலால் மிதிவண்டியால் பிறருக்கு விளையும் கேடு, இயந்திர வண்டியால் விளைவதைவிட மிகவும் சிறிது. நின்ற வண்டியைச் சுமையோடு மீண்டும் மிதித்துக் கிளப்புவது கடினம். பச்சை விளக்கு எரிந்ததும் பின்னால் உறுமி வரும் பேருந்துக்கும் லாரிக்கும் முன்பாகவே கடந்துவிடுவது பாதுகாப்பு என்றும் சிலர் கருதுகின்றனர்.

வெளிநாடுகளில் இதற்குச் சட்டமே இடம் தந்ததுண்டு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த விதிப்படி, மிதிவண்டி ஓட்டுநர் சிவப்பு விளக்கில் முழுவதுமாக நின்று, பிறருக்கு வழிவிட்டு, பிறகு கடக்கலாம். பாரிஸ் நகரில் 2015 முதல், தனிப் பலகை வைத்த சந்திப்புகளில் மட்டும், நடந்து செல்வோருக்கு வழிவிட்ட பின் செல்ல இசைவு உண்டு. ஆனால் இவ்விரண்டிலும் பிறருக்கு முதலில் வழிவிடுவது கட்டாயம். நினைத்தபடி பாய்ந்து செல்ல எங்கும் இசைவு தரப்படவில்லை.

நம் நாட்டுச் சட்டம்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 119ஆம் பிரிவு, சாலைக் குறியீடுகளுக்குக் கட்டுப்படும் கடமையை மோட்டார் வாகன ஓட்டுநருக்கு விதிக்கிறது. மிதிவண்டி மோட்டார் வாகனம் அன்று. இதனால் தமக்குச் சட்டமே இல்லை என்று எண்ணுவது பிழை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு, பொதுவழியில் மனித உயிருக்கு ஆபத்து நேரும்படி எந்த வண்டியையும் முரட்டுத்தனமாகவோ கவனக்குறைவாகவோ ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. மிதிவண்டியும் அதற்குள் அடங்கும்.

ஒரு சிறு கணக்கு

மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மிதிவண்டி, 24 மீட்டர் அகலமுள்ள சந்திப்பைக் கடக்க ஏறக்குறைய 7 நொடி ஆகும். அந்த 7 நொடியில், மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் மோட்டார் சைக்கிள் ஏறக்குறைய 80 மீட்டர் வந்துவிடும். அதாவது, "வண்டி எதுவும் இல்லை" என்று முடிவு செய்ய 80 மீட்டர் தொலைவுக்குச் சாலை தெளிவாகத் தெரிய வேண்டும். நின்ற இடத்திலிருந்து கிளம்பினால் இன்னும் கூடுதல் நேரம் ஆகும். நிறுத்திய வண்டிகளும் வளைவுகளும் மறைக்கும் நம் சந்திப்புகளில் அவ்வளவு தொலைவு தெரிவது அரிது.

எதிரே நடந்து வருபவர் யார்?

"அடிபட்டால் எனக்குத்தானே" என்பது பலரும் கூறும் சமாதானம். ஆனால் நமக்குச் சிவப்பு எரியும்போதுதான் சாலையைக் கடப்பவர் துணிந்து இறங்குகிறார். அவர் ஊன்றுகோலோடு நடக்கும் முதியவராக, கருவுற்ற பெண்ணாக, பார்வைக் குறைவால் ஒலியைக் கேட்டே வழியறிபவராக இருக்கலாம். மிதிவண்டிக்கு ஒலி இல்லை. எலும்பு தேய்ந்த மூதாட்டி ஒருவர் லேசாக இடிபட்டு விழுந்தாலும் இடுப்பெலும்பு முறியலாம். அதன்பின் அவர் பழையபடி நடமாடாமலே போகலாம். ஆகவே எங்கள் விடை: நிற்க வேண்டும்.

எப்படி நிற்பது?

• லாரி, பேருந்தின் இடப்பக்கத்தில் ஒட்டி நிற்கக் கூடாது. அது இடப்புறம் திரும்பினால் ஓட்டுநருக்கு நாம் தெரிய மாட்டோம். அதன் பின்னால், இடைவெளி விட்டு நிற்க வேண்டும்.
• பச்சை வெகுநேரம் எரிந்துகொண்டிருந்தால் விரைந்து நுழைய வேண்டாம். மஞ்சள் எரியும் சில நொடிகளில் மிதிவண்டி சந்திப்பைக் கடந்து முடிக்காது.
• சுமை கூடுதலாக இருந்தால், இறங்கி நடப்போருடன் சேர்ந்து தள்ளிக்கொண்டு கடக்கலாம்.
• சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் விளக்கின் இடத்தை நினைவில் கொள்ளலாம்: நிமிர்ந்த கம்பத்தில் சிவப்பு மேலே, பச்சை கீழே.

நோயாளிகளும் உடனிருப்போரும் கவனிக்க

வலிப்பு நோய்க்கு மருந்து உண்போர், தூக்கம் வரவழைக்கும் சளி, ஒவ்வாமை மாத்திரைகள் உண்போர் மருத்துவரைக் கேளாமல் மிதிவண்டி ஓட்டலாகாது. இரவெல்லாம் நோயாளியின் அருகில் விழித்திருந்தவரும், இரவு ஷிப்ட் முடித்தவரும் தம் கணிப்பை நம்பிச் சந்திப்பைக் கடக்க வேண்டாம். உறக்கம் குறைந்தால் தொலைவையும் வேகத்தையும் அளக்கும் திறன் மங்கும்.

விழுந்து தலையில் அடிபட்டவர் முதலில் நன்றாகப் பேசினாலும், மீண்டும் மீண்டும் வாந்தி, மிகுந்த தூக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, காது மூக்கில் நீரோ குருதியோ கசிதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே 108ஐ அழைக்க வேண்டும். குருதி உறையாமைக்கு மாத்திரை உண்பவராயின், இவை தோன்றும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டும். நன்னோக்கோடு உதவுபவரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு காக்கிறது, அஞ்ச வேண்டியதில்லை.

வீட்டில் பள்ளிக்கு மிதிவண்டியில் செல்லும் பிள்ளை இருந்தால், மேலே கண்ட 7 நொடிக் கணக்கை அதற்கு ஒருமுறை விளக்கிச் சொல்லுங்கள். விடுமுறை நாளில் அது வழக்கமாகக் கடக்கும் சந்திப்புக்கு உடன் சென்று, எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது என்று காட்டிவிட்டு வாருங்கள்.