வந்தாரும் வழக்கும்

ஒரு நாட்டிற் பிறந்தார்க்கு அந்நாட்டு வழக்கம் மூச்சுப்போல் இயல்பாய் அமைந்துவிடுதலால், அதன்கண் விளக்கவேண்டுவது ஒன்றுண்டென்னும் எண்ணமே அவர்க்கு எழுவதில்லை. புதிதாய் வந்தவனோ அடிக்கொரு வியப்பும் நாழிகைக்கோர் ஐயமும் உடையனாய் மயங்குகின்றான். அம்மயக்கத்தை ஆராயின், வந்தவன் நிலை விளங்குவதோடு நம் மொழியின் இயல்பும் விளங்கும். அவ்வாராய்ச்சிக்குத் திருப்பூர் மிக ஏற்றதோர் இடமாம்.

நொய்யலாற்றங்கரையிலுள்ள இந்நகரம் பின்னலாடைத் தொழிலாற் பெயர்பெற்றது. 2009ஆம் ஆண்டில் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. பின்னுதல், சாயமேற்றல், வெட்டுதல், தைத்தல், தேய்த்தல் ஆகிய பணிகளிலே பீகார், ஜார்க்கண்டு, ஒடிசா, மேற்கு வங்காளம் முதலிய மாநிலத்தார் பெருந்தொகையினராய் உழைக்கின்றனர். இந்திய நாட்டினரேயாயினும், மொழியாலும் உணவாலும் அவர்க்கு இது அயல்நாடே.

பதின்மூன்றாம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தமை நாம் வகுப்பிற் கற்றதேயாம். தேர்வுக்கென மனனஞ் செய்த அம்மூன்றும் திருப்பூர்த் தெருக்களிலே உயிரோடு உலாவக் காணலாம்.

குழூஉக்குறியை முதலிற் காண்போம். இந்தி மொழியிற் பனியன் என்பது உள்ளாடையொன்றையே குறிக்கும். ஆதலின் ‘பனியன் கம்பெனி’யில் வேலையென்று கேட்டு வந்தவன், அங்கே குழந்தைகளின் மேலாடைகள் ஐரோப்பாவுக்குச் செல்லக் கண்டு திகைக்கின்றான். பின்னலாடை யாவும் இவ்வூரிற் பனியனே. தையற்காரர்க்குத் துணியை மடித்தும் எடுத்துக்கொடுத்தும் உதவுவார்க்குக் ‘கைமடி’ என்பது பெயர். ‘இன்றைக்கு ஒன்றரை’ என்றால், எட்டுமணி நேர ஷிப்டு ஒன்றும் அதிற் பாதியும் சேர்ந்து பன்னிரண்டு மணி நேர வேலையென்பது பொருள். இக்குறிப்புணராதவன் மாலையிற் புறப்பட்டுக் கடிந்துகொள்ளப்படுகின்றான்.

இடக்கரடக்கல் எம்மொழியினும் உண்டாதலின் அவனை நெடிது வருத்துவதில்லை. மங்கல வழக்கே அவனை மிகவும் இடர்ப்படுத்துவது. சோதனை மேசையிலே ‘தவறு’ என்றாற் பிழையென்று அறிந்தவன், ‘அவர் அப்பா தவறிட்டாருங்க’ என்னுஞ் செய்தி கேட்டு, முதியவர் செய்த பிழை யாதோவென மயங்குகின்றான். துஞ்சினார் என்பதுபோல இதுவும் மங்கலமென அவனுக்கு உரைப்பார் யார்?

எமக்குத் தெரிந்த லைன் வீடொன்றிற் குடியிருந்த பீகார் இளைஞர் ஒருவர், ஊருக்குப் புறப்படுங்கால் வீட்டுக்கார அம்மாளிடம், தாம் அரிதிற் கற்ற தமிழிலே, ‘அக்கா, நான் போறேன்’ என்றார். நோயுற்ற தந்தையை உள்ளே கிடத்தியிருந்த அவ்வம்மாளின் முகம் வாடிற்று. இளைஞர்க்குக் காரணம் விளங்கவில்லை. அண்டை வீட்டுப் பெரியவர், ‘போயிட்டு வாறேன்னு சொல்லோணும் தம்பி’ என்று திருத்தினார். புறப்படுவார் மீண்டும் வருவாரென்னும் நல்வாக்கினையே நம்மவர் விடைபெறும் சொல்லாக்கினர் என்பதை அவர் அன்று அறிந்தார்.

மயக்கம் ஒருசாரார்க்கே உரியதன்று. தீபாவளிக்கு ஊர் சென்ற பீகாரத்தார் விடுமுறை கழிந்தும் திரும்பாமை கண்டு மேற்பார்வையாளர் சினங்கொள்வர். தீபாவளிக்குப் பின்வரும் வளர்பிறைச் சஷ்டியில், நீரில் நின்று மறையும் ஞாயிற்றை வழிபடும் ‘சத்’ விழாவே அவர்க்குத் தலையாயது. அச்சஷ்டியே இங்குள்ளோர் சூரசம்மாரம் கொண்டாடும் நாளுமாம். ஒரே திதியைப் போற்றும் இருவர் ஒருவரையொருவர் அறியாதிருத்தல் இரங்கத்தக்கதன்றோ!

இவ்வறியாமையின் பயன் சிறிதன்று. 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, தமிழகத்தில் வடவர் தாக்கப்படுகின்றனர் என்னும் பொய்ச்செய்தி காணொளிகள் வாயிலாய்ப் பரவிற்று. அஞ்சியோர் பலர் ஊர் திரும்பினர். காவல்துறையினர் அவை பொய்யென அறிவித்து உதவி எண்களும் அளித்தனர். பீகார் அரசு அனுப்பிய குழுவினர் திருப்பூருக்கும் வந்து தொழிலாளரைக் கண்டு பேசினர். அண்டை வீட்டாரை ஒரு சொற் கேட்டுத் தெளிய மொழியில்லாதவிடத்து வதந்தியே மொழியாகின்றது என்பதற்கு இது சான்று.

இதற்கு மருந்து யாது? இத்தாலியினின்று வந்த வீரமாமுனிவர், செந்தமிழோடு நில்லாது, பேச்சு வழக்கிற்கெனக் கொடுந்தமிழ் இலக்கணமொன்றை 1728இல் இலத்தீன் மொழியில் இயற்றினார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறிற்று. வந்தவர் ஒருவர், பின்வருவார் இடர்ப்படாவண்ணம் அமைத்த வழிகாட்டி அது. அந்நாளில் வந்தவரே செய்த பணியை இந்நாளில் இருப்பவராகிய நாம் செய்தல் முறை. தேவநாகரி, வங்காளம், ஒடியா எழுத்துக்களிலே தொழிற்கூடச் சொற்களும், முறைப்பெயர்களும், ‘ங்க’ என்னும் கொங்கு மரியாதையும், அது அவர்தம் ‘ஜி’யை ஒத்தமையும் விளக்குஞ் சிறுநூலொன்றை நம் தமிழ் மாணவர் ஆக்கலாம். வடமொழிகளில் ஒன்றறிந்த நண்பர் சிலர் துணைநிற்பின் ஒரு கோடை விடுமுறை போதும். நன்னூலை நாம் கற்றதன் பயன், தேர்வுத்தாளோடு ஒழியாது, தைக்கும் மேசையருகேயும் சென்று சேர்வதாக.