நுரையீரலுக்குத் துரு பிடிக்குமா?



மயிலாப்பூர், பட்டினப்பாக்கம் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு நான் துருவைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஜன்னல் கம்பிக்கு ரெட் ஆக்ஸைடு அடித்து அடித்தே அப்பாக்கள் ஓய்ந்துவிடுகிறார்கள். இரும்பிடமிருந்து பிராணவாயு எலக்ட்ரானைப் பிடுங்குவதுதான் துரு. கப்பலின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துவது எதற்கு? இரும்புக்குப் பதிலாகத் தன் எலக்ட்ரானைக் கொடுத்து அது கரைந்துபோகும். ஆன்டி ஆக்ஸிடென்ட் என்பதும் ஏறக்குறைய இதே சங்கதிதான். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, நம் செல்களே தயாரிக்கும் குளூட்டாதயோன் எல்லாம் இந்த வேலையைச் செய்கின்றன.

“இதுக்கும் சளிக்காய்ச்சலுக்கும் என்னப்பா சம்பந்தம்?” என்று கேட்பீர்கள். இருக்கிறது. இன்ஃபுளூயன்ஸாவோ கொரோனாவோ, வைரஸ் நுரையீரலின் காற்றுப்பைகளில் இறங்கியதும் வெள்ளணுக்கள் ஓடிவருகின்றன. அவற்றின் ஆயுதங்களில் ஒன்று சூப்பர் ஆக்ஸைடு. அதாவது எலக்ட்ரான் ஒன்று கூடுதலாக ஒட்டிக்கொண்ட பிராணவாயு. அது நைட்ரிக் ஆக்ஸைடோடு சேர்ந்தால் பெராக்ஸிநைட்ரைட், இன்னும் மோசம். இவற்றுக்கு எதிரி யார், நம்ம ஆள் யார் என்று தெரியாது. பக்கத்திலுள்ள மெல்லிய சவ்வையும் சேர்த்துப் பொசுக்கிவிடும். சவ்வு கசிந்து காற்றுப்பையில் நீர் கோத்துக்கொண்டால், ஆக்ஸிஜன் ரத்தத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது.

1989இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் இன்ஃபுளூயன்ஸா பிடித்த எலிகளுக்கு, சூப்பர் ஆக்ஸைடைச் சிதைக்கும் என்சைமைப் பாலிமரோடு இணைத்துச் செலுத்தினார்கள். அதிக எலிகள் பிழைத்தன. ஆக, துரு நிஜம்தான். அப்படியானால் மாத்திரை போட்டால் போதாதா?

2020இல் சென்னையில் கொரோனா பரவியபோது காய்ச்சல் முகாம்களில் கபசுரக் குடிநீரோடு வைட்டமின் சி, ஜிங்க் மாத்திரைகளும் கொடுத்தார்கள். கொடுத்ததில் தப்பில்லை. அதை நம்பி உட்கார்ந்துவிட்டதுதான் வினை. 2021 மே மாதம் எங்கள் தெரு மாமா ஒருவருக்கு ஆக்ஸிமீட்டரில் 91 காட்டியது. “மாத்திரை போட்டுண்டிருக்கேன்டா, நாளைக்குச் சரியாயிடும்” என்றே இரண்டு நாள் ஓட்டினார். பிள்ளை வற்புறுத்தி அழைத்துப் போனதால் பிழைத்தார்.

சோதனைகள் என்ன சொல்கின்றன? அமெரிக்காவில் 214 கொரோனா நோயாளிகளை வைத்து நடந்த சோதனை 2021இல் வெளியானது. நாளுக்கு 8000 மில்லிகிராம் வைட்டமின் சி, 50 மில்லிகிராம் துத்தநாகம் கொடுத்துப் பார்த்தார்கள். குறிப்பிடத்தக்க பலன் இல்லையென்று பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்த 2500க்கும் அதிகமானவர்களுக்கு ஊசி வழியாகவே வைட்டமின் சி ஏற்றிப் பார்த்த முடிவு 2023இல் வந்தது. அதிலும் பலனில்லை. 2022இல் வெளியான செப்சிஸ் சோதனை இன்னும் ஒரு படி மேலே போயிற்று. மரணம் அல்லது நீடித்த உறுப்புச் செயலிழப்பு என்பது வைட்டமின் சி பெற்றவர்களில் 44.5 சதவீதம், பெறாதவர்களில் 38.5 சதவீதம்!

ஏன் இப்படி? எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். வாய்வழி மாத்திரையில் அளவு ஏற ஏறக் குடல் உறிஞ்சும் பங்கு குறைகிறது. ரத்தத்தில் மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. (மீதியெல்லாம் மாம்பலம் கால்வாய்க்குத்தான்.) நுரையீரலிலோ வெள்ளணுக்கள் நொடிக்கு நொடி புதிதாகச் சூப்பர் ஆக்ஸைடு தயாரித்துக்கொண்டே இருக்கின்றன. அது மட்டுமா, அதே பொருள்தான் கிருமியைக் கொல்லும் ஆயுதமும். முழுசாகத் துடைத்துவிட்டாலும் ஆபத்து. கம்ப்ரஸரில் ஆயில் பொங்கும்போது வால்வை மூடாமல் வேஸ்ட் துணியால் துடைத்துக்கொண்டிருப்பதைப் போலத்தான்.

வால்வை மூடிய மருந்து டெக்ஸாமெதாசோன். மலிவான, பழைய ஸ்டீராய்டு. தினம் 6 மில்லிகிராம் கொடுத்ததில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் 28 நாள் மரண விகிதம் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆக இறங்கியது என்று 2020இல் பிரிட்டனில் கண்டார்கள். ஆனால் ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அது பலன் தரவில்லை. எனவே டாக்டர் சொல்லாமல் கடையில் வாங்கி விழுங்குகிற சமாசாரம் இல்லை.

நெல்லிக்காயை விட்டுவிடச் சொல்லவில்லை. ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு வேண்டியது 80 மில்லிகிராம் வைட்டமின் சி. அதை நெல்லிக்காயும் கொய்யாவும் தாராளமாகத் தந்துவிடும். மூச்சு வாங்கினாலோ, ஆக்ஸிமீட்டர் 94க்குக் கீழே காட்டினாலோ, ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்கோ பக்கத்திலுள்ள வேறு ஆஸ்பத்திரிக்கோ உடனே போய்விட வேண்டும். அதுவரை போட்ட மாத்திரைகளின் அட்டையையும் கையோடு கொண்டுபோனால் டாக்டருக்கு உதவும்.