பாலில் இல்லாத இரும்பு



மைல்ட் ஸ்டீலில் கார்பன் சுமார் 0.2 சதவீதம்தான். அதை எடுத்துவிட்டால் பலமே போச்சு! உடம்புக்கு நுண்தாதுக்களும் அப்படித்தான்.

மயிலாப்பூரில் பூ விற்கும் என் அம்மா, ஒரு மண்டலம், அதாவது 48 நாள், பாலும் பழமுமாக விரதம் இருப்பார். "பால்ல எல்லாம் இருக்குடா" என்பார். போன முறை மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. ஹீமோகுளோபின் 9 கிராம். பெண்களுக்கு 12-க்குக் குறைந்தால் ரத்தசோகை.

பாலில் கால்சியம் நிறைய உண்டு. ஆனால் இரும்பு, லிட்டருக்கு 1 மில்லிகிராம்கூடத் தேறாது. பெண்களுக்குத் தினம் 29 மில்லிகிராம் வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர். 2020-ல் வெளியிட்ட அளவு. கணக்குப் போடுங்கள்: 29 லிட்டர் குடித்தாலும் பத்தாது!

தாமிரமும் பாலில் குறைவு. பால் மட்டுமே கொடுத்து வளர்த்ததால் சோகை பிடித்த எலிகளுக்கு இரும்பு மட்டும் போதவில்லை, துளி தாமிரமும் சேர்ந்தால்தான் ரத்தம் ஊறுகிறது என்று அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 1928-லேயே காட்டினார்கள்.

விரதத்தை விடச் சொல்லவில்லை. எள்ளுருண்டை, கடலை உருண்டையில் இரண்டு தாதுவும் உண்டு. கூடவே நெல்லிக்காய் கடித்தால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பில் சேர்க்கும். பால் அதைத் தடுக்கும். எனவே இரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். சோர்வு இருந்தால் அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை அவசியம்.

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். உங்களில் பலரும் அப்படித்தான். படிச்சதை முதலில் வீட்டில் சொல்வோம்!

– இரண்டாமாண்டு, மெக்கானிக்கல்