‘நான் என்ன செய்யட்டும் தீதி?’

கேள்வி: வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். முப்பது வருடமாகக் கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கிறோம். எங்கள் பகுதிப் பெண்களுக்கு உதவலாம் என்று கவுன்சலிங் பயிற்சியில் சேர்ந்தேன். முதல் ரோல் பிளேயில், கணவரின் குடியால் அவதிப்படுகிறவளாக நடித்தவரிடம் மூன்று யோசனைகள் சொன்னேன். பயிற்சியாளர் நிறுத்திவிட்டார். ‘அறிவுரை வேண்டாம், கேள்வி கேளுங்கள்’ என்கிறார். ‘நான் என்ன செய்யட்டும் தீதி (அக்கா)?’ என்று அழுதுகொண்டு வருகிறவளிடம் திருப்பிக் கேள்வி கேட்பது அவளை ஏமாற்றுவது ஆகாதா? பயிற்சி முடிந்ததும் நான் ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ளலாமா?
— வாசகி, கொல்கத்தா

பதில்: ஏமாற்றுவது ஆகாது. கேள்வியை வெறும் உத்தியாகக் கேட்டால்தான் ஆகும்.

உங்களிடம் வருகிறவள் அம்மா, மாமியார், பக்கத்து வீடு என்று ஆளுக்கொன்று சொல்லி முடித்த பிறகே வருகிறாள். உங்கள் மூன்று யோசனைகளும் அந்த வரிசையில்தான் போய் நிற்கும். அவற்றைச் செய்ய முடியாமல் போனால், மறுபடி உங்கள் முகத்தில் விழிக்கவே கூசுவாள்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ், உதவி தேடி வருகிறவரை ‘நோயாளி’ என்னாமல் ‘கிளையன்ட்’ என்றார். ஆலோசகரிடம் பாசாங்கு கூடாது, வந்தவரை நிபந்தனையின்றி ஏற்க வேண்டும், அவர் கண்ணால் அவர் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும் என்று 1957இல் எழுதினார். 1978இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் உளச்சிகிச்சை மையம் தொடங்கிய இன்சூ கிம் பெர்க் - ஸ்டீவ் டி ஷேசர் தம்பதி, பிரச்சினையின் வேரைத் தோண்டுவதைவிட, அது தலைகாட்டாத நேரங்களைத் தேடினார்கள். தீர்வின் நுனி அங்கேதான் இருக்கும் என்பது அவர்கள் அனுபவம்.

உங்கள் ஊரில் பலர் ‘மொன் காராப்’ (மனசு சரியில்லை) என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அதை உடனே ‘டிப்ரஷன்’ என்று குறித்துக்கொள்ளாதீர்கள். மழைநாள் மந்தமும் மொன் காராப்தான். சோறும் தூக்கமும் போன நிலையும் அதுவேதான். அவளுக்கு அது எது என்று அவளிடமே கேளுங்கள். ‘இந்த வாரம் அது கொஞ்சம் குறைந்த நேரம் எது?’ என்பது அடுத்த கேள்வி. ‘மிக நல்ல மனநிலை பத்து என்றால், இன்று எத்தனை?’ என்றதற்கு ‘மூன்று’ என்றால், ‘மூன்றுதானா?’ என்று இழுக்காதீர்கள். ‘ஒன்றுக்கு இறங்காமல் மூன்றில் நிறுத்தியது எது?’ என்று கேளுங்கள். ‘மகளை எப்படியாவது பள்ளிக்கூடம் அனுப்பிவிடுகிறேன்’ என்பாள். தன் பலத்தை அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள்.

ஆனால் வீட்டில் அடி விழுகிறது என்றால் இந்த வரிசையே மாற வேண்டும். ‘அடி விழாத நாளில் நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்ற கேள்வி, அடிக்கிறவனின் குற்றத்தை அவள் தலையில் ஏற்றிவிடும். முதலில் இன்றிரவு அவளும் குழந்தைகளும் பத்திரமா என்று கேளுங்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், அதன்கீழ் உள்ள பாதுகாப்பு அதிகாரி, குடி நோய்க்கான சிகிச்சை ஆகியவற்றை நேராகச் சொல்லுங்கள். இவை அறிவுரை அல்ல, தகவல். தகவலை மறைத்து வைப்பதற்குக் ‘கிளையன்டை மையமாகக் கொள்வது’ என்று பெயர் இல்லை. அதை வைத்து எந்தப் பக்கம் நடப்பது என்பதை அவள் தீர்மானிக்கட்டும்.

இப்படிக் கேட்பது படித்து வருவதல்ல, பழகி வருவது. மூவராக உட்காருங்கள்: ஒருவர் பேச, ஒருவர் கேட்க, ஒருவர் கவனிக்க. பேசுகிறவர் சம்மதத்தோடு பதிவு செய்து, பத்து நிமிடப் பேச்சை வார்த்தைக்கு வார்த்தை எழுதிப் பாருங்கள். யார் அதிகம் பேசினீர்கள் என்று தாளே காட்டிக்கொடுக்கும். அனுபவசாலி ஒருவரின் மேற்பார்வை பயிற்சிக்குப் பிறகும் தொடர வேண்டும்.

ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ளலாமா என்கிறீர்கள். உளப்பகுப்பாய்வாளர் கிரீந்திரசேகர் போஸ் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கியது உங்கள் நகரத்தில்தான். அப்போது மனதைப் படிப்பது சில மேதைகளின் வேலை. பின்னாளில் அதே கொல்கத்தாவில் ரத்னபோலி ராய் தொடங்கிய ‘அஞ்சலி’ அமைப்பு, ‘ஜனமானஸ்’ திட்டத்தில் சாதாரணக் குடும்பத்துப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, நகராட்சிப் பகுதிகளில் மனநல மையங்களை நடத்த வைத்தது. உங்களைப் போன்றவர்களுக்கு இடம் உண்டு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அந்த இடத்துக்கு எல்லையும் உண்டு. குறுகிய காலச் சான்றிதழ் உங்களை ‘கிளினிகல் சைக்காலஜிஸ்ட்’ ஆக்காது. அதற்குத் தனிப் படிப்பும், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவும் வேண்டும். ‘பயிற்சி பெற்ற தன்னார்வலர்’ என்று சொல்லிக்கொள்ளுங்கள். சாவைப் பற்றிய பேச்சு, காதில் குரல் கேட்பது, நாள்கணக்கில் தூக்கமின்மை இருந்தால் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல உதவி எண் (டெலி-மானஸ்) 14416.

அடுத்த ரோல் பிளேயில் அறிவுரை நுனிநாக்குக்கு வரும்போது, அதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கவிழ்த்து வையுங்கள். முடிந்ததும், அவளாகவே கண்டுபிடித்த வழியைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தாலும், எதை அவள் வீட்டுக்கு எடுத்துப் போவாள் என்று அப்போது உங்களுக்குத் தெரியும்.