விரல் கேட்பது விசையா, வேகமா?

விண்வெளி கேம் செய்ய வருபவர்கள் முதலில் கப்பலை வரைகிறார்கள், அடுத்து கிரகங்களை. ஓட்டும் முறையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். கறுப்புத் திரை, அதில் ஒரு வெறும் பெட்டி, ஒரு ஜாய்ஸ்டிக். இவ்வளவை வைத்துக்கொண்டே ஒருவர் சலிக்காமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்றால்தான் கப்பல் வரைய ஆள் தேட வேண்டும்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு மாடி அறையில் நாங்கள் சிலர் இப்படியொரு கேமைச் செய்துவருகிறோம். ஆடிப்பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். போனில் கார் ரேஸ் ஆடிப் பழகிய கட்டைவிரல்கள். "அண்ணா, கைய எடுத்துட்டேன், இன்னும் போய்ட்டே இருக்குது" என்பதுதான் அவர்களிடமிருந்து அதிகம் கேட்கும் வாக்கியம். நியூட்டனின் முதல் விதியை எல்லோரும் படித்தவர்கள்தான். விதி மூளைக்குத் தெரிந்திருப்பது வேறு, விரலுக்குத் தெரிந்திருப்பது வேறு. வீராம்பட்டினத்தில் ஃபைபர் படகு ஓட்டும் ஒருவர் வந்து ஆடியபோது இந்தக் கேள்வி எழவேயில்லை. இன்ஜினை நிறுத்திய பிறகும் படகு ஓடும், மூக்கு ஒரு பக்கம் இருக்க நீரோட்டம் இன்னொரு பக்கம் தள்ளும் என்பது அவருக்கு அன்றாடம். திரும்புவதற்கு முன்பே எதிர்த்திசையில் கொஞ்சம் உந்தினார்.

இந்தப் பிள்ளைகளுக்கும் படகோட்டிக்கும் ஒரே கேம் பிடிக்க வேண்டும் என்றால் முதலில் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். குச்சியை முன்னால் தள்ளுகிறேன். நான் கேட்பது விசையையா, வேகத்தையா, இடத்தையா? விசை என்றால், தள்ளும்வரை வேகம் ஏறும், விட்டால் ஏறிய வேகம் அப்படியே நிற்கும். வேகம் என்றால், பாதி தள்ளினால் பாதி வேகம், விட்டால் கப்பலே எதிர்உந்து கொடுத்து நிற்கும். இடம் என்றால், 'அந்த நிலையத்துக்கு 200 மீட்டர் முன்னால் போய் நில்' என்பதுபோல. ஓட்டக் கஷ்டமாக இருக்கும் விண்வெளி கேம்களில் பெரும்பாலானவை இதை முடிவு செய்யாமல் விட்டவை.

1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவான ஸ்பேஸ்வார் விசையைக் கொடுத்தது: திரும்பு, உந்து, அவ்வளவுதான். 1979இல் அட்டாரியின் ஆஸ்டிராய்ட்ஸ் அதே முறையை எடுத்துக்கொண்டு, உந்தாமல் விட்டால் கப்பல் மெல்ல வேகம் குறையும்படி செய்தது. வெற்றிடத்தில் உராய்வு கிடையாது. ஆனால் ஆடுபவருக்கு அது தேவைப்பட்டது. 1984இல் வந்த எலைட், விமானம்போலப் பறந்தது. அதன் தொடர்ச்சியான ஃபிரான்டியர் 1993இல் முழு நியூட்டன் இயற்பியலோடு வந்தபோது, சண்டைகளில் பலர் தடுமாறினார்கள். 2014இல் எலைட் டேஞ்சரஸ் இரண்டையும் கொடுத்தது: பறப்பு உதவி இயல்பாகவே இயங்கும், வேண்டாதவர் அணைத்துக்கொள்ளலாம். நாங்கள் பின்பற்றுவதும் இதைத்தான். கணினி உதவியோடு தொடங்கு, பழகியவர் கழற்றிப் போடட்டும்.

உதவி கொடுத்தால் நிஜம் கெட்டுவிடும் என்று வாதிடுபவர்களுக்கு நான் 1969ஐக் காட்டுவேன். நிலவில் இறங்கும் கடைசிக் கட்டத்தில் ஆம்ஸ்ட்ராங்கின் கையில் ஒரு சிறு சுவிட்ச் இருந்தது. ஒரு முறை தட்டினால் இறங்கும் வேகம் நொடிக்கு ஓர் அடி கூடும் அல்லது குறையும். அந்த வேகத்துக்கு இன்ஜின் எவ்வளவு எரிய வேண்டும் என்பதைக் கணினி பார்த்துக்கொண்டது. மனிதன் கேட்டது வேகம், விசை இயந்திரத்தின் பொறுப்பு. உண்மையான விண்கலத்திலேயே அப்படியென்றால், போனில் ஆடும் பிள்ளைக்குக் கொடுப்பதில் என்ன குறை?

இந்த ஊரிலேயே இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1825இல் ஆங்கிலேயரின் படையில் அதிகாரியாக இருந்த ஜான் வாரன், புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்த விதத்தைக் 'காலசங்கலித' நூலில் எழுதிவைத்தார். தரையில் சோழிகளை வைத்து, சொற்களாக மனப்பாடம் செய்த அட்டவணைகளைக் கொண்டே அவர் கணக்கைப் போட்டார். வானியல் கோட்பாடு அவருக்குத் தெரியாது என்று வாரன் குறிக்கிறார். கருவி சரியாக இருந்ததால் வானம் கைக்கு வந்தது. எங்கள் திரையில் எந்த எண் வேண்டும், எது வேண்டாம் என்று சண்டை வரும்போதெல்லாம் எனக்கு அந்தச் சோழிகள்தான் நினைவுக்கு வரும்.

திரையில் நான் விட்டுக்கொடுக்காத அடையாளம் ஒன்று உண்டு: கப்பல் உண்மையில் போகும் திசையைக் காட்டும் குறி. கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் ஆடியவர்களுக்கு அது பழக்கமான வட்டம். மூக்கு எங்கே பார்க்கிறது என்பது திரையின் நடுவிலேயே தெரிகிறது. போக்கு தெரிவதில்லை. இந்தக் குறியைச் சேர்த்ததும், விளக்கவுரை எதுவும் இல்லாமல் பிள்ளைகள் அதை இலக்கின் மேல் இழுத்துவைக்கத் தொடங்கினார்கள். கூடவே கொஞ்சம் தூசியும் தூவுங்கள். வெறும் கறுப்பில் நொடிக்கு 10 மீட்டரும் 1,000 மீட்டரும் கண்ணுக்கு ஒன்றுதான்.

வேகத்தை எண்ணாகக் காட்டும்போது, எதைப் பொறுத்த வேகம் என்பதையும் முடிவு செய்ய வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையம் நொடிக்குச் சுமார் 7.7 கிலோமீட்டரில் பூமியைச் சுற்றுகிறது. அதோடு இணைய வரும் கலத்தில் அந்த எண்ணைக் காட்டி ஒரு பயனும் இல்லை. ஸ்பேஸ்எக்ஸ் 2020இல் வெளியிட்ட இணைப்புப் பயிற்சி விளையாட்டில், கடைசியில் நிலையத்தைப் பொறுத்த வேகம் நொடிக்கு 0.2 மீட்டருக்குள் இருக்க வேண்டும். இலக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் எண் தானாக அதற்கு மாறிவிடட்டும்.

அடுத்தது பிரேக். இங்கேதான் புதியவர்கள் மோதிச் சாகிறார்கள், நிறுத்தும் தூரம் வேகத்தின் வர்க்கமாக வளர்வதால். ஒவ்வொரு நொடியும் தன் வேகத்தில் நொடிக்கு 10 மீட்டரைக் குறைக்க முடிந்த கப்பல், நொடிக்கு 200 மீட்டரில் போனால் நிற்க 2 கிலோமீட்டர் வேண்டும். 400இல் போனால் 8 கிலோமீட்டர். இதைக் கணக்காகச் சொல்ல வேண்டாம். கப்பலுக்கு முன்னால் ஒரு கோடு வரையுங்கள், கோட்டின் முனையில் கப்பல் நிற்கும். இலக்கை நெருங்க நெருங்க உச்ச வேகத்தையும் அதே கணக்கின்படி இறக்கிவிட்டால், முழு த்ராட்டிலில் வருபவரும் தப்பிக்கிறார்.

தூரத்துக்குத் தக்கபடி குச்சியின் பொருள் மாறலாம் என்பதை இஸ்ரோவின் விண்வெளி இணைப்புச் சோதனையான ஸ்பேடெக்ஸைப் பார்த்துத்தான் நாங்கள் வடிவமைத்தோம். 2025 ஜனவரி 16 அன்று இணைந்த அந்த இரு செயற்கைக்கோள்களும் ஒரே மூச்சில் நெருங்கவில்லை. 500 மீட்டர், 225, 15, 3 என்று நிறுத்தங்கள் இருந்தன. எங்கள் கேமிலும் தொலைவில் குச்சி வேகத்தைக் கேட்கும், நிறுத்தங்களில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், கடைசி 15 மீட்டரில் ஒவ்வொரு தட்டும் ஒரு சிறு உந்து. நிலவில் இறங்கும் பகுதியையும் இப்படியே பிரித்தோம். சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் பக்கத்து விழுப்புரத்துக்காரர் என்பதால் பிள்ளைகள் அதைத்தான் முதலில் ஆடக் கேட்பார்கள். அதன் தரையிறங்கு கலமான விக்ரம் சுமார் 150 மீட்டர் உயரத்தில் நின்று தரையை ஆராய்ந்ததை, ஆடுபவர் மூச்சுவிட ஓர் இடமாக வைத்திருக்கிறோம்.

தொடுதிரைக்குச் சில சில்லறை விஷயங்கள். கட்டைவிரல் எங்கே படுகிறதோ அதுவே குச்சியின் மையமாகட்டும். மையத்தைச் சுற்றி அசைவை எடுத்துக்கொள்ளாத சிறு வட்டம் விடுங்கள். விரல் நடுங்கும், வியர்க்கும். தள்ளும் அளவை அதன் மூன்றாம் அடுக்காக மாற்றினால் பாதித் தள்ளலுக்கு எட்டில் ஒரு பங்குதான் திரும்பும், குறிவைப்பது சுலபமாகும். த்ராட்டில் மட்டும் விட்ட இடத்தில் நிற்க வேண்டும், பூஜ்யத்தில் போன் லேசாக அதிர வேண்டும். முழுதாக நிற்க ஒரு தனிப் பொத்தான், அது எப்போதும் ஒரே மூலையில். இடக்கைக்காரர்களுக்காக எல்லாவற்றையும் பக்கம் மாற்றிவைக்க ஒரு வழி. இதை முதல் நாளே எழுதிவிடுங்கள், பின்னால் சேர்ப்பது பெரும்பாடு.