பின் டிஃபரன்ஷியல் ஒழுகினால்...



காலடிப்பேட்டையில் அரிசி, பருப்பு மொத்த வியாபாரம் செய்பவன் நான். எங்கள் லாரியில், பின் அச்சின் நடுவே உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியலில் ஆயில் கசிந்தது. பினியன் சீலை இருமுறை மாற்றியும் நிற்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, மேலேயுள்ள பிரீதர் சேற்றால் அடைபட்டிருந்தது. ஓட்டத்தில் சூடேறி விரியும் காற்று, வெளியேற வழியின்றி ஆயிலைச் சீல் வழியே தள்ளிவிடும். ஆகவே முதலில் பிரீதரைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

பிறகு நன்றாகத் துடைத்துவிட்டு, கசிவு எங்கே என்று பாருங்கள். சக்கரத்தின் உட்புறம் நனைந்திருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. ஆயில் பிரேக் லைனிங்கில் இறங்கினால் பிரேக் பிடிக்காது. கன்டெய்னர் லாரிகள் நெருக்கும் எண்ணூர் நெடுஞ்சாலையில் அது உயிருக்கே ஆபத்து.

வெறும் சீல் கசிவுக்காக டிஃபரன்ஷியலையே மாற்ற வேண்டாம். பல் உடைந்திருந்தால் கிரவுனையும் பினியனையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். புதுப்பேட்டையில் பழையது வாங்கினால் பல்லை எண்ணிப் பாருங்கள். 41க்கு 6 இருந்த வண்டிக்கு 41க்கு 6தான் போட வேண்டும்.

மாதம் ஒருமுறை சமதரையில் நிறுத்தி, நிரப்பும் துளையின் கீழ்விளிம்பு வரை ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் சில்லறைக் கசிவைக் கவனிக்கும் நாம், வண்டியின் கசிவையும் கவனிப்போம்.